முனைவர் பட்டத்துக்குத் தாய்மாமன் சீர்

என் தங்கையைக் கட்டிக்கொண்டு, என்னை வாய் நிறைய மச்சான் என்று கூப்பிட்ட மாப்பிள்ளைக்கு,

வருஷா வருஷம் உங்கள் நினைவு நாளுக்குப் பேப்பரில் படம் போடுவேன். கீழே ‘கண்ணீருடன்’ என்று அவர்களாகவே அச்சடித்துவிடுவார்கள். இந்த வருஷம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கண்ணீர் விடுகிற நிலைமையில் இங்கே யாரும் இல்லை. சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறோம். அந்தச் சேதி படத்துக்குக் கீழே அடங்காது. அதனால் கடிதமாகவே எழுதுகிறேன். ஊரும் படிக்கட்டும், நீங்களும் கேளுங்கள்.

நான் வியாபாரி, விலையைக் கடைசியில் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. உங்கள் மகள் கயல்விழி முனைவர் ஆகிவிட்டாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி செய்து வாங்குகிற டாக்டர். ஆனால் பெரிய சேதி அது இல்லை. அவளுக்குத் தேர்வு நடந்த ஹாலுக்குள் என் தங்கை, உங்கள் வாசுகி வந்தாளா, வரவில்லையா? அதைச் சொல்லத்தான் கடையை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் போன பிறகு வாசுகி எதிலும் சோர்ந்துவிடவில்லை. உழவு, நாற்று, உரம் எல்லாம் அவள்தான் பார்க்கிறாள். அறுப்பு மெஷின்காரர் அவள் நம்பரைப் பார்த்தாலே எழுந்து நின்று போனை எடுக்கிறார். கொள்முதல் நிலையத்தில் நெல் ஈரம் என்று சொன்னால், மறுபடி அளங்க என்று அங்கேயே நிற்கிறாள். ஆனால் ஒரு கல்யாணம், ஒரு வளைகாப்பு என்றால் மட்டும் சமையல்கட்டுப் பக்கம் போய்விடுவாள். தட்டு எடுக்க மாட்டாள். முன்னால் வந்து உட்கார மாட்டாள். அவளை யாரும் போகச் சொன்னதில்லை. என் வீட்டுக்காரி கையைப் பிடித்து இழுத்தால், “எனக்கு இங்கதான் அண்ணி காத்து வருது” என்பாள். அடுப்புக்குப் பக்கத்தில் என்ன காற்று வரும்?

கயல் என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால் நீங்கள் ‘ரத்தம்’ என்பீர்கள். ரத்தத்தில் என்ன என்றால் ‘வெள்ளை அணு’ என்பீர்கள். அதற்கு மேலும் கேட்டால் டீ கிளாஸை வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவீர்கள். என்னிடம் மட்டும் ஒருநாள் சொன்னீர்கள்: “மச்சான், அவ சொல்றப்ப எல்லாம் புரியுற மாதிரியே இருக்கு. வாசலுக்கு வந்தா ஒண்ணும் நிக்க மாட்டேங்குது.” எனக்கும் அப்போது அதே கதைதான். இப்போது அப்படி இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன ஐப்பசியில் அவள் ஆராய்ச்சியை எழுதி முடிக்க ஊருக்கு வந்தாள். வீட்டில் சிக்னல் இல்லை என்று நீடாமங்கலத்தில் நம் குடோனுக்கு வந்துவிட்டாள். சைக்கிளில் ஊர் ஊராகப் போய்க் கிழிந்த சாக்கு வாங்கி, ஒட்டுப்போட்டு விற்றவன் நான். இன்றைக்குக் கல்கத்தாவிலிருந்து லாரியில் புதுச் சாக்கு கட்டுக் கட்டாக வந்து இறங்குகிறது. அந்தக் கட்டுகளுக்கு நடுவில் நாற்காலியைப் போட்டு லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்:

“மாமா, இதை ஏன் இரும்புப் பட்டை போட்டு இவ்ளோ இறுக்கியிருக்காங்க?”

“இறுக்கலேன்னா லாரி கொள்ளுமா பாப்பா? சாக்கு காத்தடிச்ச மாதிரி உப்பிக்கும்.”

“உள்ள இருக்கற சாக்கு வேணும்னா?”

“பட்டையை வெட்டணும்.”

“அவ்ளோதான் மாமா என்னோட தீசிஸ்.”

“இதுக்கா இத்தனை வருஷம் படிச்சே? எங்க லோடுமேன் கோவிந்தனைக் கேட்டிருந்தா வெட்டியே காட்டியிருப்பானே.”

“காட்டுவாரு. என்னோட கட்டு கண்ணுக்குத் தெரியாதே, அதுக்கு என்ன பண்ணுவாரு?”

அப்புறம் ஒரு சணல் நூல்கண்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு சொன்னாள். நம் உடம்பில் கிட்டத்தட்ட ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ரெண்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு நூல் இருக்கிறதாம். டிஎன்ஏ என்று டிவியில் சொல்கிறார்களே, அது. செல்லோ கண்ணுக்கே தெரியாத அளவு. அதற்குள் இத்தனை நீளம் எப்படி அடங்கும்? ஹிஸ்டோன் என்று ஒரு புரதம், குண்டுமணி மாதிரி. நூல் அதைச் சுற்றிச் சுற்றிப் போகிறது. அப்படிச் சுற்றிய குண்டுகள் நெருங்கி நெருங்கி அடுக்கிக் கொள்கின்றன. நூலும் குண்டும் சேர்ந்த அந்த முழுக் கட்டுக்குத்தான் குரோமாட்டின் என்று பேர்.

இதில் விஷயம் என்னவென்றால், நகத்துக்கு, ஈரலுக்கு, வெள்ளை அணுவுக்கு என்று எல்லாருடைய வேலையும் அந்த ஒரே நூலில் எழுதியிருக்கிறது. செல்லுக்குச் செல் வேற நூல் கிடையாது.

“அப்ப எல்லாக் கடையிலயும் ஒரே சரக்குன்னு சொல்லு” என்றேன்.

“கிட்டத்தட்ட ஒரே சரக்கு. எந்தக் கட்டைப் பிரிச்சு வெச்சிருக்காங்களோ, அதை வெச்சுத்தான் அது என்ன கடைன்னு ஆகுது.”

மாப்பிள்ளை, இந்த ஒரு வரிக்கு நான் கணக்குப்பிள்ளையிடம் சொல்லி அவளுக்குப் பன்னீர் சோடா வாங்கி வரச் சொன்னேன். கட்டு இறுகிக் கிடந்தால் அங்கே எழுதியதைப் படிக்க முடியாது. நெகிழ்ந்தால் படிக்கலாம். வெள்ளை அணு வெள்ளை அணுவாக இருப்பதற்குக் காரணம், சண்டைக்கு வேண்டிய பக்கங்கள் அதில் நெகிழ்ந்தோ நெகிழத் தயாராகவோ இருப்பது. நம் தோலிலும் அதே பக்கங்கள் இருக்கின்றன, ஆனால் மூடிக் கிடக்கின்றன. அழிந்து போகவில்லை, மூடிக் கிடக்கின்றன.

சரி, யார் படிக்கச் சொல்வது? அதற்கும் புரதங்கள் இருக்கின்றன. டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர் என்று பேர். நூலில் இன்ன இடம் என்று பொருத்தம் பார்த்து உட்கார்ந்து, இதைப் படி, இதைப் படிக்காதே என்று முடிவு செய்கிற ஆட்கள். அதில் பாதிப் பேருக்கு மேல் இறுகின கட்டுக்குள் கை நுழைக்கத் தெரியாது, யாராவது பிரித்து வைத்தால் வருவார்கள். சில பேர் மட்டும் இறுகின கட்டிலேயே பிடி போட்டு நெகிழ்த்திவிடுவார்கள். முன்னோடிகள் என்று சொன்னாள்.

“நம்ம கோவிந்தன் கொக்கி போடுற மாதிரி” என்றேன். “எங்க போட்டா கட்டு அசையும்னு அவனுக்குத் தெரியும்.”

“அங்கதான் மாமா தப்பு. கோவிந்தன் அண்ணனுக்குத் தெரியும். இதுக்கு ஒண்ணுமே தெரியாது. முட்டி முட்டிப் பாக்கும், பொருந்துன எடத்துல நின்னுக்கும்.”

எந்த இடம் நெகிழ்ந்திருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறாய் என்று கேட்டேன். நெல் மூட்டைக்குள் குத்திச் சாம்பிள் எடுக்கிற குத்தூசி நம் கடையில் தொங்குகிறதே, அதைக் காட்டினாள். அவளிடமும் ஒரு கத்திரி இருக்கிறதாம். அதுவும் ஒரு புரதம்தான். நெகிழ்ந்த இடத்தில் நுழைந்து வெட்டும், இறுகின இடத்தில் நுழையாது. வெட்டு விழுந்த துண்டுகளைப் படித்தால் எங்கெங்கே திறந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். நோய்க்கிருமியைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு தடவை, பார்த்த பிறகு ஒரு தடவை என்று வெள்ளை அணுக்களை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள், இத்தனை வருஷமும்.

நான் சும்மா இருப்பேனா? “உங்கம்மாவும்தான் விசேஷம்னா இறுகிப் போயிடுறா. அதுக்கு ஒரு ஃபேக்டர் கண்டுபிடியேன்” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. “செல்லையும் அம்மாவையும் ஒண்ணாக்காதீங்க மாமா. செல்லு கோவிச்சுக்காது” என்றாள்.

தை மாசம் அவளுக்கு வாய்மொழித் தேர்வு என்று நாள் குறித்தார்கள். ஹாலில் எல்லாருக்கும் முன்னால் நின்று அவள் சொல்ல வேண்டும், தேர்வாளர் கேள்வி கேட்பார், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாமாம். யார் வேண்டுமானாலும் என்று அவள் சொன்னதும் எனக்குப் புத்தி வேலை செய்யத் தொடங்கிவிட்டது. இவளுக்குக் காது குத்தும்போது சீர் செய்தேன். சடங்குக்குச் செய்தேன். அடுத்து கல்யாணம்தான் என்று காத்திருந்தால், அந்தப் பேச்சை எடுத்தாலே போனை வைத்துவிடுகிறாள். சரி, இவள் வாழ்க்கையில் அடுத்த விசேஷம் இதுதான், தாய்மாமன் சீரோடு போய் இறங்கிவிடுவது என்று முடிவு கட்டினேன். வேன் பேசினேன். தட்டுகளுக்குச் சொன்னேன். நாயனத்துக்கும் சொல்லியிருப்பேன், என் வீட்டுக்காரி காலில் விழாத குறையாகத் தடுத்துவிட்டாள்.

சந்தோஷமாக வாசுகியிடம் போய்ச் சொன்னேன். புளியைக் கொட்டை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

“நீங்கள்லாம் போயிட்டு வாங்கண்ணா. எனக்கு அறுப்பு இருக்கு.”

அறுப்பா? மெஷின்காரரைப் பிடித்து, முந்தின வாரமே அறுத்துக் கொடுக்கச் செய்தேன். அடுத்தது மாட்டை யார் பார்ப்பது என்றாள். பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டேன் என்றேன். கோழி என்றாள். நான் விடவில்லை. கடைசியில் புளியை ஓரமாகத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அண்ணா, இவ்ளோ நாளும் அதைப் பரீட்சைன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். கடைசியில ஒரு ஓரமா உக்காந்து பாத்துட்டு வரலாம்னு புடவைகூட எடுத்து வெச்சேன். நீங்க சீருன்னு சொல்லிட்டீங்க. சீர்த் தட்டு இருக்கற எடத்துல நான் போயி நின்னு, அவளுக்கு ஒண்ணு சரியா வராமப் போனா? அப்புறம் காலம் பூரா நான் எப்படித் தூங்குவேன்?”

கல்கத்தாக்காரனிடம் பேரம் பேசுகிற நான் நழுவி வாசலுக்கு வந்து கயலுக்குப் போன் போட்டேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

“உங்களை யாரு மாமா விசேஷமாக்கச் சொன்னது? பரீட்சைக்கு அம்மா வருவாங்க, விசேஷத்துக்கு வர மாட்டாங்க. கூடப் பொறந்த உங்களுக்கு இது தெரியாதா?”

“தட்டு கேன்சல்னு சொல்லிடறேன்.”

“சொன்னா நம்புவாங்களா? வேண்டாம். போனை அம்மாகிட்ட குடுங்க. இல்ல, ஸ்பீக்கர்ல போட்டுப் பக்கத்துல வைங்க.”

உள்ளே போய் வைத்தேன். வாசுகி மறுபடி புளியை உருட்டத் தொடங்கியிருந்தாள்.

“அம்மா, எனக்குத் தேர்வு வைக்க வெளியூர்லேர்ந்து ஒரு மேடம் வர்றாங்க. அவங்க கையெழுத்துப் போட்டாத்தான் எனக்குப் பட்டம்.”

“நல்லபடியா போடட்டும்.”

“அவங்களும் உன்னை மாதிரிதாம்மா. வீட்டுக்காரர் தவறிட்டாரு.”

உருட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

“எப்ப?”

“கொஞ்ச வருஷம் ஆச்சு. ஹால்ல மொத வரிசையில நடுவுல அவங்கதான் உக்காருவாங்க. என்ன பண்ணட்டும்? நீங்க வந்தா எனக்கு ஆகாது மேடம், திரும்பிப் போங்கன்னு சொல்லிடவா?”

“வாயை மூடுடீ. அந்த மகராசி பாட்டுக்கு வர்றாங்க, அவங்களை எதுக்கு இழுக்கறே?”

போன் கட்டாகிவிட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன். வாசுகி கேட்டாள்:

“அவங்க என்ன புடவை கட்டுவாங்க?”

“காட்டன்தாம்மா.”

“அப்ப நானும் காட்டனே கட்டிக்கிறேன்.”

மாப்பிள்ளை, இந்த இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய் மூக்கைச் சிந்தியிருப்பீர்கள். நான் போனேன்.

தேர்வு நாளன்று வேனில் தட்டு எதுவும் இல்லை என்றுதான் நான் நினைத்தேன். என் வீட்டுக்காரி ஒன்றே ஒன்றை மட்டும் எதற்கும் இருக்கட்டும் என்று பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் மறைத்து வைத்திருக்கிறாள். பாதி வழியில்தான் என் காதில் சொன்னாள். வாசுகிக்குத் தெரியக் கூடாது என்று நான் சத்தமாகப் பாட்டுப் போடச் சொன்னேன்.

ஹாலில் ஏசி. நம் சொந்தக்காரர்கள் திரையில் படம் மாறும்போதெல்லாம் கைதட்டினார்கள். துறைத் தலைவர் கையைக் காட்டி, கடைசியில் தட்டலாம் என்று கேட்டுக்கொண்டார். தேர்வு தொடங்குவதற்கு முன்னால் வாசுகி கடைசி வரிசை ஓரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். தேர்வாளர் மேடம் பின்கதவு வழியாக உள்ளே வந்தார், நரைத்த தலை, காட்டன் புடவை. “கயலோட அம்மாவா? இங்க ஏன் உக்காந்திருக்கீங்க, முன்னாடி வாங்க” என்று கையைப் பிடித்தே கூட்டிப் போனார். வாசுகி போய், மேடத்துக்குப் பின்னால் ரெண்டாவது வரிசையில் என் வீட்டுக்காரி பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த அம்மாவை அவள் பார்த்த பார்வையைப் பார்க்க வேண்டுமே. தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். “எவ்ளோ களையான மொகம், பாவம்” என்று என் வீட்டுக்காரியிடம் கிசுகிசுத்தாள்.

கயல் இங்கிலீஷில் பேசினாள். மேடம் மடக்கி மடக்கிக் கேட்டார். ஒரு கேள்விக்கு மட்டும் கயல் தண்ணீர் குடித்துவிட்டு யோசித்தாள். திறந்திருக்கிறது என்றால் அங்கே வேலை நடக்கிறது என்று அர்த்தமா, இதுதான் கேள்வி என்று பிறகு சொன்னாள். “இல்லை. திறந்திருந்தா தயாரா இருக்குன்னுதான் அர்த்தம். ஆரம்பிச்சு வைக்க இன்னும் ஆள் வரணும்” என்று பதில் சொன்னாளாம். மேடம் தலையை ஆட்டினார். அது நல்ல ஆட்டமா, கெட்ட ஆட்டமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

பொதுமக்கள் யாராவது கேட்கலாம் என்றார்கள். நான் எழுந்தேன். கயல் கண்ணை மூடிக்கொண்டாள்.

“என் தங்கச்சி வீட்டுக்காரருக்குக் காலையில விரல் வீங்கிப்போய் மடக்க வராது. அதுக்கும் நீ படிச்சதுக்கும் சம்பந்தம் உண்டா?”

கண்ணைத் திறந்தாள். தமிழில் சொன்னாள், என்னைப் பார்த்து இல்லை, ரெண்டாவது வரிசையைப் பார்த்து:

“கிருமி வந்தா வெள்ளை அணுவுல சில எடம் பிரிஞ்சுக்கும். சண்டை முடிஞ்சா அது பெரும்பாலும் அடங்கணும். கொஞ்சம் அணுக்கள் மட்டும் அந்த எடத்தை நெகிழ்த்தியே வெச்சுக்கும், அடுத்த தடவை சீக்கிரம் கெளம்பறதுக்கு. தடுப்பூசியோட ரெண்டாவது டோஸுக்கு ஒடம்பு வேகமா பதில் சொல்றதுல இதுக்கும் பங்கு இருக்கு. ஆனா அடங்க வேண்டியது அடங்காம, சொந்த ஒடம்பையே எதிரின்னு நெனச்சுட்டா முடக்குவாதம் மாதிரி வியாதி வரலாம். அப்பாவுக்கு வந்ததுக்கு இதுதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். பரம்பரை இருக்கு, வேற நெறைய இருக்கு, இன்னும் யாருக்கும் தெரியாததும் இருக்கு. காலையில அவருக்குச் சட்டைப் பட்டனை அம்மாதான் போட்டுவிடுவாங்க. அதைப் பாத்துட்டுத்தான் நான் ஸ்கூலுக்குப் போவேன். அதனாலதான் இதை எடுத்தேன்.”

“இதையா நீ படிச்சே?” வாசுகி உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டுவிட்டாள். ஹாலே சிரித்தது.

“ஆமாம்மா. இதைத்தான்.”

பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறோம் என்று மேடம் எழுந்து சொன்னதும், இனிமேல் தடுக்க முடியாது என்று நம் ஆட்கள் தட்டினார்கள் பாருங்கள்.

வெளியே வராந்தாவில் டீயும் சமோசாவும். கார் சாவியைக் கையில் சுழற்றிக்கொண்டு ஒருவர் வந்தார், நல்ல உயரம், நல்ல தொப்பை. மேடம் எங்களிடம் சொன்னார்: “இவர்தான் எங்க வீட்டுக்காரர். ரிடையர் ஆனதுலேர்ந்து நான் எங்க போனாலும் இவர்தான் டிரைவர்.”

வாசுகியின் வாயில் சமோசா அப்படியே நின்றது. கயலைப் பார்த்தாள். கயல் மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தாள். தவறிப்போன மனுஷர் சமோசாவுக்குச் சட்னி உண்டா என்று என்னிடம் கேட்டார்.

வாசுகி சமோசாவைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்தாள்.

“அண்ணா, வேன்ல தார்ப்பாய்க்கு அடியில இருக்கறதை எடுத்துட்டு வாங்க.”

“அங்க ஒண்ணுமில்லையேம்மா.”

“மல்லிப்பூ வாசம் வர்ற வழியில அம்மாப்பேட்டையிலயே வந்துடுச்சு. எடுங்க.”

எடுத்து வந்தேன். தேங்காய், பழம், பூ, மஞ்சள், குங்குமம், கயலுக்கு வாங்கின பட்டுப் புடவை. வாசுகி தட்டை என் கையிலிருந்து வாங்கினாள். யாரையும் கேட்கவில்லை. நேராக அந்த ரெண்டு பேருக்கும் முன்னால் போய் நின்றாள். மகள் வாயால் செய்த பாவத்துக்குத் தான்தான் பரிகாரம் செய்தாக வேண்டும் என்ற வேகத்தில், தான் யார், எந்த இடத்தில் நிற்கக் கூடாது என்று இத்தனை வருஷம் வைத்திருந்ததெல்லாம் அவளுக்கு நினைவே வரவில்லை.

“நீங்க ரெண்டு பேரும் தீர்க்காயுசா இருக்கணும்” என்று நீட்டினாள்.

மேடத்துக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் நல்ல மனுஷி. “புடவை வேணாம்மா, தேர்வு வெச்ச நான் வாங்கக் கூடாது. பூவைக் குடுங்க. குங்குமத்தை நீங்களே வெச்சு விடுங்க” என்று நெற்றியைக் காட்டிக் குனிந்தார்.

அப்போதுதான் வாசுகிக்கு நினைவு வந்தது. விரல் குங்குமத்தில் இருக்கிறது, மேலே எழும்பவில்லை. மேடம் குனிந்தபடியே இருந்தார். பக்கத்தில் அந்த மனுஷர் குண்டுக்கல்லாக நின்றுகொண்டிருந்தார். அவரை ஒரு தடவை பார்த்தாள். வைத்துவிட்டாள். அவர் கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தையே கொடுத்து, “நல்லா சாப்பிடுங்க” என்றாள்.

“எனக்கும்மா?” என்று கயல் நெற்றியைக் கொண்டு வந்தாள்.

“உனக்கு வெளக்குமாறு இருக்கு, வீட்டுக்கு வா. நல்லாருக்கற மனுஷனைப் போயி...”

“நீ வந்துட்டேல்ல?”

வைத்துவிட்டாள். கொஞ்சம் அழுத்தியே வைத்தாள். திரும்பி வரும்போது தஞ்சாவூர் வரைக்கும் அவள் திட்டினதை வேனில் இருந்தவர்கள் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

ஒரே நாளில் மாறிவிட்டாள் என்று பொய் சொல்ல மாட்டேன். மாசியில் தெருவில் ஒரு வளைகாப்பு. வந்தாள், முன்னால் உட்கார்ந்தாள், கொஞ்ச நேரத்தில் சாம்பார் அடிப்பிடிக்கிறது என்று எழுந்து போனாள். சாம்பார் ஒன்றும் அடிப்பிடிக்கவில்லை. ஆனால் உட்கார்ந்தாளே. உங்களுக்கு இது தெரியுமா, அங்கிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்களா? பார்த்திருந்தால் யாருக்குக் கைதட்டினீர்கள், மகளுக்கா, வாசுகிக்கா?

ஒரு வாக்குக் கொடுத்து முடிக்கிறேன் மாப்பிள்ளை. கயல் எப்போது கல்யாணம் செய்துகொள்வாள், யாரை என்பதெல்லாம் அவள் பாடு, நான் தலையிட மாட்டேன். ஆனால் என்றைக்கானாலும் சரி, அன்றைக்கு மேடையில் உங்கள் இடத்தில் நின்று தாரை வார்ப்பது வாசுகிதான். முகம் சுளிக்கிறவர்கள் இருந்தால் அவர்களை முதல் பந்தியிலேயே உட்காரவைத்து, வயிறு நிறையப் போட்டு, மரியாதையாக அனுப்பி வைப்பது என் பொறுப்பு.

உங்கள் மகளுக்குத் தாய்மாமன்,
உங்களுக்கு என்றைக்கும் மச்சான்,
சாக்குக் கடை பக்கிரிசாமி,
நீடாமங்கலம்.